வீட்டு நம்பரிலிருந்து கூப்பிடாதே

வசந்தா,

நேரில் சொன்னால் நீ கேட்க மாட்டாய். பாதி சொல்வதற்குள் "சரிப்பா, சரிப்பா" என்று தலையை ஆட்டிவிட்டுக் கையிலிருக்கும் செல்லைத் தடவ ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கடிதத்துக்கு நடுவில் யாரும் "சரிப்பா" போட முடியாது. எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் நம் வரிசையில் கடைசி வீட்டு ஜோசப், ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் திட்டுவதில் பாதியை அவர் நல்ல தமிழாக மாற்றி எழுதுகிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நீ படிக்கும்போது அதை மறுபடி திட்டாக மாற்றிக்கொள்.

நாளை மறுநாள் நீ வேலை மாறி வேறு ஊருக்குப் போகிறாய். எந்த ஊர் என்று ஜோசப் இரண்டு முறை கேட்டார். நான் சொல்லவில்லை. "மகளுக்கு எழுதற கடுதாசியில ஊர் பேரு இல்லாம எப்படிண்ணே?" என்றார். "கையிலதான் குடுக்கப் போறேன், ஊர் பேரு எதுக்கு?" என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். படட்டும். அங்கே பார்த்திருக்கும் வாடகை வீடு மலை மடிப்பில் இருக்கிறது, செல்லுக்கு சிக்னல் கிடையாது, அதனால் வீட்டுக்கு ஒரு கம்பி போன் வாங்கப் போகிறேன் என்று நேற்றுச் சாப்பிடும்போது சொன்னாய். சொல்லிவிட்டுச் சந்தோஷமாக ரசம் ஊற்றிக்கொண்டாய். நான் பாதிச் சோற்றோடு கை கழுவினேன். போன் வாங்கிக்கொள், வேண்டாமென்று சொல்ல நான் யார். ஆனால் அந்த வீட்டு போனிலிருந்து உன் வேலை சம்பந்தப்பட்ட ஒருவனையும் கூப்பிடாதே. நல்லவனோ கெட்டவனோ, ஒருவனையும். உன் வீட்டு நம்பர் அவன் கண்ணில் படக் கூடாது. சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் நீ சிரித்துவிட்டுப் போய்விடுவாய்.

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் தங்கள் நம்பரை யாரிடமாவது கொடுக்காவிட்டால் கை அரிக்கிறது. பேக்கரி வாசலில் ஒரு அட்டைப் பெட்டி வைத்து, நம்பர் எழுதிப் போட்டால் குலுக்கலில் குக்கர் என்று சொன்னால் போதும், காலனி முழுக்க வரிசையில் நிற்கிறது. குக்கர் யாருக்கு விழுந்தது என்று இன்றுவரை ஒருவனுக்கும் தெரியாது. நம்பர் மட்டும் போயிற்று. பொங்கலுக்கு உன்னோடு ஜவுளிக்கடைக்கு வந்தேனே, ஞாபகமிருக்கிறதா? பில் போடுகிற பெண் வேட்டியைக்கூடப் பார்க்கவில்லை, முதலில் கேட்டது "நம்பர் சொல்லுங்க". "எதுக்கும்மா? நான் வேட்டி வாங்க வந்தேன், பொண்ணு பாக்க வரலையே" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நீ வெட்கப்பட்டு என் முழங்கையைப் பிடித்து இழுத்துவிட்டு, உன் நம்பரின் பத்து எண்ணையும் பாடிக் காட்டினாய். அந்தக் கடையிலிருந்து உனக்கு எத்தனை தடவை போன் வந்தது, ஆடித் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடி என்று! ஒவ்வொரு தடவையும் நீ மரியாதையாக "வேண்டாங்க" என்றாய். எனக்கு அந்த மரியாதையைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் உன்னைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உன்னைவிடப் பெரிய மடையன் நான். ஜோசப், இந்த வரியை மாற்றாமல் எழுதுங்கள். நான் சிலோனில் பிறந்து, பிரட்டுக்களத்தில் நின்று வளர்ந்தவன். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் அந்தக் களத்தில் துரை முன்னால் நிமிர்ந்து நின்று, பெயர், அப்பன் பெயர், எத்தனையாவது லயம், அதில் எத்தனையாவது காம்பரா அறை என்று வரிசையாக, தடுமாறாமல் சொல்ல வேண்டும். தடுமாறினால் அன்றைக்கு வேலை இல்லை. கப்பலேறி இந்தப் பக்கம் வந்தபோது மண்டபம் முகாமிலும் அதே பாட்டு. இங்கே தோட்டத்தில் பேர் பதிந்தபோதும் அதேதான். எழுத்துத் தெரியாததால் எல்லாவற்றையும் தலையில்தான் வைத்தேன். குடும்ப அட்டை நம்பர், கப்பல் சீட்டு நம்பர், தோட்டத்து வேலைப் பேரேட்டின் செக்ரோல் நம்பர் என்று என்மேல் ஒட்டிய நம்பர் ஒவ்வொன்றையும் இன்றைக்கும் உறக்கத்தில் எழுப்பினால்கூடச் சொல்வேன். யார் கேட்டாலும் முழுசாகச் சொல்கிறவன்தான் நேர்மையானவன், மறைக்கிறவன் ஏதோ திருடியிருக்கிறான் என்று எங்கள் கூட்டம் முழுக்க நம்பியது. அடிமை வேலை செய்த இடத்தில் கற்றுக்கொடுத்த பழக்கத்தை ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருடம் மார்பை விரித்துக்கொண்டு திரிந்திருக்கிறோம். உன் அம்மா படுக்கையில் விழுந்தபோதுதான் வீட்டில் போன் வைத்தோம். மணி அடித்தால் நான் எடுத்து என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். ஹலோ சொல்ல மாட்டேன். பெயர், காலனி, அஞ்சாவது வரிசை, மூணாவது வீடு. நீ பள்ளிக்கூடம் படிக்கையில் உன் சிநேகிதிகள் இதைக் கேட்கவே போன் பண்ணிச் சிரிப்பார்களாம். பரீட்சைக்குப் போகிற மாதிரி ஒப்பிப்பேனாம்.

அடிபட்டு வரும் பெண்களுக்கு உதவும் அந்த ஊட்டி ஆபீஸில் உனக்கு வேலை கிடைத்தபோது, மூன்று நாள் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். பெரிய ஓட்டலில் கூட்டம். டீ, சமோசா, தோள்பை, அதில் ஒரு நோட்டு, ஒரு பேனா. அழுகிற பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தார்களாம், தலையை எந்தப் பக்கம் சாய்த்துக் கேட்பது என்றுகூடச் சொன்னார்களாம். அடிக்கிறவனுக்குப் போன் போடும்போது எந்தப் போனிலிருந்து போட வேண்டும் என்று மூன்று நாளில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. சமோசா வாயில் இருந்திருக்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் பக்கம் நடந்ததை நீ முழுசாகக் கேட்டதில்லை. நான் சொன்னதும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஜோதி என்று வைத்துக்கொள்வோம், அவளுடைய சொந்தப் பெயர் இந்தக் காகிதத்தில் வேண்டாம். அவள் புருஷன் பெயரும் வேண்டாம், அதை எழுதி ஜோசப்பின் பேனாவை அழுக்காக்க விருப்பமில்லை. கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவள். இடது கையில் மாவுக்கட்டோடு உன் ஆபீஸுக்கு வந்தாள். அவளை அனுப்ப வேண்டிய ஹாஸ்டலுக்குப் போகும் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது, மழை விடவில்லை. இரண்டு நாளைக்கு என்று நம் வீட்டுக்குக் கூட்டி வந்தாய். ஆபீஸ் விதிப்படி அது தப்பாம். அதை நான் ஒருநாளும் தப்பென்று சொல்ல மாட்டேன். அவளை அந்த மழையில் விட்டுவிட்டு வந்திருந்தால்தான் உன்னை வீட்டுக்குள் சேர்த்திருக்க மாட்டேன்.

தப்பு அடுத்த நாள் மத்தியானம். ஆஸ்பத்திரியில் அவளுடைய ஆதாரும் பழைய சீட்டும் கேட்டார்கள், இரண்டும் புருஷனிடம் இருந்தன. தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏறினால் செல்லில் சிக்னல் வரும், ஆனால் மழை. நீ சோம்பேறித்தனமாகச் சுவரோரம் இருந்த வீட்டு போனை எடுத்தாய். "ஆபீஸ்ல இருந்து பேசறேங்க. உங்க சம்சாரம் பத்திரமா இருக்காங்க. அவங்க கார்டையும் சீட்டையும் நாளைக்கு ஊட்டி ஆபீஸ்ல குடுத்துடுங்க" என்றாய். குரலை அதிகாரி மாதிரி வைத்துக்கொண்டாய். நீ பேசப் பேச நம் கோழி அடுப்படியில் கத்திக்கொண்டிருந்தது. எந்த ஊர் ஆபீஸில் கோழி கத்துகிறது? எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு வந்திருக்காது. கூப்பிடுகிறவர் நம்பரைக் காட்டும் அவன் போன் பெட்டியில் நம் நம்பர் விழுந்துவிட்டது. செல் நம்பராக இருந்தால் எந்த ஊர் என்று கண்டுபிடிக்கச் சுற்ற வேண்டும். கம்பி போன் நம்பருக்கு அந்தக் கஷ்டமே இல்லை. இந்த மலையில் இருக்கிற எவனுக்கும் முதல் மூன்று எண்ணைப் பார்த்தால் போதும், எந்த எக்ஸ்சேஞ்ச், எந்தப் பக்கத்து மலை என்று தெரிந்துவிடும். ஊட்டியில் இருந்து பேசுகிறேன் என்று நீ சொன்னாய், குன்னூருக்குக் கீழே இருந்து பேசுகிறாள் என்று நம்பர் சொல்லிவிட்டது.

மறுநாள் காலையில் நீ பஸ் ஏறிப் போன பிறகு மணி அடித்தது. நான் எடுத்தேன். எடுத்த உடனே என் பாட்டைத் தொடங்கவில்லை, அந்தப் பக்கம் முந்திக்கொண்டது.

"ஏனுங்க, வணக்கமுங்க. நேத்து இந்த நம்பர்ல இருந்து ஒரு கால் வந்துதுங்க. யாரு ஊடுங்க இது?"

அவ்வளவு பணிவு. இந்தக் காலத்தில் எனக்கு வணக்கம் சொல்லிப் பேசுகிறவர்கள் யார் இருக்கிறார்கள்? ஓட்டுக் கேட்டு வருகிறவன்கூட "பெருசு" என்கிறான். நான் குளிர்ந்துபோய்ப் பெயர் சொன்னேன், அப்பன் பெயர் சொன்னேன், காலனி, வரிசை, வீடு எல்லாம் சொன்னேன். மகள் ஊட்டி ஆபீஸில் வேலை, இப்போதுதான் புறப்பட்டுப் போனாள் என்றும் சொன்னேன். அதை அவன் கேட்கவே இல்லை.

"பெரியவங்க எவ்வளவு வெவரமா சொல்றீங்க. இப்பல்லாம் யாருங்க இப்படி? பஸ்ஸுல வந்தா எங்க எறங்கணுமுங்க?"

"கோயில் திருப்பத்துல எறங்குங்க. தண்ணித் தொட்டிக்குக் கீழ படி இறங்கினா நேரா நம்ம வீடுதான். யாருன்னு சொல்லலியே?"

"வந்து சொல்றனுங்க."

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் ஜோதியிடம், "நல்ல மரியாதையான ஆளும்மா, யாரோ வரேன்றாரு" என்று சொன்னேன். அவள் ஒரு கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அக்காவைத் தேடியாங்க?" என்றாள். "ஆமா, ஆபீஸ் ஆளா இருக்கும்" என்றேன். என் ஞாபகசக்தியைப் பற்றி ஊரே பேசும், ஆனால் நேற்று நீ யாருக்குப் போன் போட்டாய் என்பதை அந்த நேரத்தில் இந்த மண்டை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. பணிவாகப் பேசுகிறவன் எப்படிப் பெண்டாட்டி கையை முறிப்பான் என்று நினைத்தேனோ என்னவோ. முறிக்கிறவன்தான் வெளியே பணிவாகப் பேசுகிறான். மேஸ்திரி வேலை பார்த்த காலத்தில் இப்படிப்பட்டவர்களை எத்தனை பேரைப் பார்த்தவன் நான்!

அவன் வந்தான். மழைக்கோட்டு, அதற்குள் இஸ்திரி போட்ட சட்டை. கிளீனாக ஷேவ் செய்திருந்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். இந்தப் பயல்கள் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்து ஏமாறாதே, வசந்தா. "உக்காருங்க, டீ போடறேன்" என்று உள்ளே போனேன். தண்ணீர் கொதித்து, தூள் போட்டு, டம்ளரில் ஊற்றித் திரும்பினேன். ஜோதி சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். "என்னம்மா?" என்றேன்.

"அவருதாங்க."

என் கையில் டீ இருந்தது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. கதவைச் சாத்தவில்லை. கத்தவில்லை. பின் பக்கம் தேயிலைக்குள் ஓடு என்று அவளிடம் சொல்லவில்லை. அந்த டீயைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவனுக்குப் போட்ட டீ, ஆறிவிடக் கூடாது. இதுதான் என் புத்தி. அவன் இடுப்பிலிருந்து கவ்வாத்துக் கத்தியை எடுத்தான், தேயிலைச் செடி வெட்டுகிற கத்தி, அதை யாரையும் பார்த்து நீட்டவில்லை, உட்காரத் தொந்தரவாக இருக்கிறது என்கிற மாதிரி டம்ளருக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தான். உறிஞ்சிக் குடித்தான். "டீ நல்லாருக்குதுங்க" என்றான். பிறகு உள்பக்கம் பார்த்து, குரலை உயர்த்தாமல், "ஜோதி, பெரியவருக்கு எதுக்குக் கஷ்டம்? கெளம்பு" என்றான்.

அவள் வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள். எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்றுதான் வந்தாள், அதில் சந்தேகமில்லை. அவன் வைத்த டம்ளரை எடுத்தாள். "கழுவி வெச்சிட்டுப் போறேங்க தாத்தா" என்றாள். ஒரு கையால் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். எனக்கு எழுபத்தைந்துக்கு மேல் ஆகிறது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைப் போல ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர்கள் படியேறிப் போனார்கள்.

நீ வந்து விஷயத்தைக் கேட்டதும் என்னைத் திட்டவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டாய். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததாக இருக்கும். அன்றைக்கு நீ என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் நான் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். "புருஷன் வந்து கூட்டிட்டுப் போனா அது குடும்ப விஷயம்மா" என்றார் மேசைக்காரர், எச்சில் தொட்டுப் பேப்பரைப் புரட்டிக்கொண்டே. மூன்று வாரம் கழித்து ஜோதி திரும்பத் தப்பித்தாள். பஸ் மாறி மாறிப் போய் ஏதோ ஒரு ஊர்க் கடையிலிருந்து நம் வீட்டுக்குப் போன் போட்டாள். நம்பரை எங்கே பிடித்தாள் என்கிறாய்? அவள் வந்த முதல் நாள் சாயங்காலம் நான்தான் பெருமைக்கு ஒப்பித்துக் காட்டினேன், அவள் மனப்பாடம் செய்துகொண்டாள். நீ போய்க் கூட்டி வந்து ஹாஸ்டலில் சேர்த்தாய். இந்தத் தடவை மாவுக்கட்டு இல்லை, முன்பல் இரண்டு இல்லை. நான் கொடுத்த விலாசத்துக்கு அந்த இரண்டு பல் கூலி.

அதன் பிறகுதான் நான் குன்னூர் டெலிபோன் ஆபீஸுக்குப் போனேன். உனக்குத் தெரியாது. கவுண்டரில் ஒரு தம்பி.

"எங்க வீட்டு நம்பர் அடுத்தவன் பெட்டியில தெரியக் கூடாது. அதுக்கு என்ன பண்ணணும்?"

"அதெல்லாம் பெரிய ஆளுங்களுக்குத்தான் தர்றது, பெரியவரே. மந்திரி, பெரிய ஆபீசர், அந்த மாதிரி. நமக்கெல்லாம் கெடையாது."

"மந்திரி வாசல்ல துப்பாக்கியோட போலீஸ் நிக்குது. அவரு நம்பரை மறைக்கிறீங்க. என் வாசல்ல கோழி நிக்குது. என் நம்பரை ஊருக்குக் காட்டறீங்க. நல்லாருக்குய்யா உங்க ஏற்பாடு."

பக்கத்துக் கவுண்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தத் தம்பி, "நான் என்னங்க பண்றது, ரூல்ஸ்" என்றான். ரூல்ஸ்! பிறகு செல் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பொடியன் ரொம்ப விவரமாக, செல்லுக்குள்ளேயே நம்பரை மறைக்க ஒரு இடம் இருக்கிறது என்று தேய்த்துத் தேய்த்துக் காட்டினான். பக்கத்துச் செல்லுக்குப் போட்டுப் பார்த்தான். நம்பர் பளிச்சென்று விழுந்தது. "வெளிநாட்டுல வேலை செய்யுங்க தாத்தா" என்றான். நான் என்ன வெளிநாட்டுக்கா போன் போடப் போகிறேன்? இன்னொன்றும் காட்டினான். உன் நம்பரை யாராவது தன் செல்லில் என்ன பேர் போட்டு வைத்திருக்கிறானோ, அந்தப் பேரையே முன்பின் தெரியாதவனுக்கும் எடுத்துக் காட்டும் ஒரு சமாச்சாரம் இருக்கிறதாம். உன் நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 'வசந்தா மேடம் காலனி' என்று படித்துக் காட்டினான். இனி வரிசையும் வீடும் மட்டும்தான் பாக்கி, அதைச் சொல்ல நான் இருக்கிறேன்.

ஆகவே மறைக்க வழி என்று எவனாவது ஏதாவது நம்பரை அமுக்கச் சொன்னால் நம்பாதே. ஒரே வழி, வீட்டு நம்பரைக் கையிலேயே எடுக்காமல் இருப்பது. ஆபீஸில் தனி செல் கேள். பையும் பேனாவும் தரத் தெரிந்தவர்களுக்கு ஒரு செல் தரத் தெரியாதா? தராவிட்டால் பட்டன் போன் ஒன்று வாங்கி, அதற்கென்று வேறு சிம் போட்டு, ஆபீஸ் அலமாரியிலேயே வைத்துப் பூட்டு. அதை வீட்டுக்குக் கொண்டுவராதே. சிக்னல் இல்லையென்றால் மேட்டுக்கு ஏறு. மழையென்றால் நனை. பேசி முடிக்கும்வரை பின்னால் கோழி, குழந்தை, கோயில் மைக் எதுவும் கேட்கக் கூடாது. வீட்டில் மணி அடித்தால் எடுத்து "யாருங்க?" என்று மட்டும் கேள், அதற்கு மேல் அவன் பேசட்டும். பணிவாகப் பேசினால் சீக்கிரம் வை.

கடைசியாக ஒன்று. போன மாதம் நீ ஆபீஸில் இருந்தபோது அவன் மறுபடி இங்கே வந்தான், அது உனக்குத் தெரியும். ஹாஸ்டலிலிருந்து ஜோதியை அவசரமாக வேறு இடத்துக்கு மாற்றியதும் தெரியும். ஹாஸ்டல் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் எல்லோரும் ஆபீஸில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டீர்கள். ஹாஸ்டலில் யாரோ சொல்லிவிட்டார்கள் என்று ஒரு சமையல்காரம்மாவைக்கூடச் சந்தேகப்பட்டீர்களாம். பாவம் அந்த அம்மா. நான் சொல்கிறேன். இந்தத் தடவை நான் டீ போடவில்லை. வாசலிலேயே குறுக்கே நின்று, "உள்ள கால வெச்ச, காலனியைக் கூப்பிடுவேன்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே என்னை ஒதுக்கிவிட்டு நேராகப் போனிடம் போனான். எதையோ அமுக்கினான். போனோடு இருக்கும் நம்பர் காட்டும் பெட்டியில் வரிசையாக நம்பர் வந்தது. ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தான். "இது யாருங்க பெரியவரே? இது? இதுல இருந்து நாலு தடவை வந்திருக்குதே?" வந்த நம்பரையெல்லாம் அந்தப் பெட்டி சேர்த்து வைத்துக்கொள்ளும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீ ஹாஸ்டல் போனிலிருந்து, "ஜோதி நல்லாருக்காப்பா, சாப்பிட்டாப்பா, நீ சாப்டியாப்பா" என்று என்னைக் கூப்பிட்ட நாலு தடவை அது. அவன் போனதும் நான் தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஓடினேன். ஜோசப்பின் செல்லை வாங்கி, அவனுக்கு ஹாஸ்டல் தெரிந்துவிட்டது, ஜோதியை மாற்று என்று உனக்குச் சொன்னது அப்போதுதான், எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். இந்த முழங்கால் அதற்குப் பிறகு சரியாகவில்லை.

அதனால், இந்த வீட்டுப் போனைத் துண்டித்துவிடலாமா என்று நீ கேட்பாய். கூடாது. இந்த நம்பரை நீ எத்தனை பெண்களிடம் கொடுத்திருக்கிறாய் என்று உனக்கே கணக்கில்லை. அவர்களில் ஒருத்தி என்றைக்காவது ஒரு கடையில் நின்று இதைச் சுழற்றுவாள். அவளுக்கு மணி அடிக்க வேண்டும், எடுக்க ஆள் வேண்டும். நான் எடுப்பேன். பெயர் சொல்ல மாட்டேன். அவள் எங்கே நிற்கிறாள் என்று கேட்டுக்கொண்டு, பெட்டியில் விழுந்த நம்பரை உடனே அழித்துவிடுவேன். எந்தப் பட்டன் என்று ஜோசப் காட்டிக்கொடுத்துவிட்டார். ஆனால் என் கண்ணையும் விரலையும் நம்பி ஒரு பெண்ணின் உயிரை வைக்க முடியாது. நான் அழிக்க மறந்த அன்றைக்குத்தான் அவன் வருவான். நீ போகிற ஊரில்தான் ஜோதியும் இருக்கப் போகிறாள். எனவே நீ அங்கிருந்து இந்த வீட்டுக்குப் போன் போடக் கூடாது. புது வீட்டுப் போனிலிருந்து கூடாது, செல்லிலிருந்து கூடாது, ஆபீஸிலிருந்து கூடாது, பக்கத்து வீட்டிலிருந்து கூடாது. எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று யாராவது சொன்னாலும் பஸ் ஏறி வா, கூப்பிடாதே. ஜோசப்பின் நம்பரையும் தொடாதே. அவர் இதை எழுதும்போது முகத்தைத் தூக்கி என்னைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

சாயங்காலம் ஆறு மணி பஸ் போன சத்தம் கேட்டால் நீ கூப்பிடுவாய் என்று போன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறவன் நான். நீ ஊட்டியில் தங்கும் நாட்களில் அப்படித்தான் செய்தேன், இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. இனிமேல் மணி அடித்தால் அது நீ இல்லை என்று தெரிந்துகொண்டே எழுந்து போக வேண்டும். முதல் கொஞ்ச நாள் கால் தப்பாக ஓடும். பழகிக்கொள்கிறேன்.